தோளும் மாத்திரை அட்டையும்

முதலில் தெரிவது முதுகுப் பக்கம்தான். ரவிக்கைக் கொக்கியை மாட்டப் பின்னால் போன கை பாதியிலேயே நின்றுவிடும். பேன்ட்டின் பின்பையில் இருக்கும் பர்ஸ் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினால் உயிர் போகிற மாதிரி ஒரு வலி வெட்டும். ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியாது. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனதும், ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர் ஒருவர் குறிஞ்சிப்பாடியில் பெரும்பாலும் என்ன செய்வார் என்பது நமக்குத் தெரிந்த கதை.

“தம்பி, சோல்டர் புடிச்சிக்கிச்சுப்பா. கையத் தூக்கவே முடியல. சத்து மாத்திர எதுனா குடு.”

“வலி மாத்திரையும் போடவாக்கா?”

“போடு. அந்தச் செகப்பு மாத்திரையும் ஒரு அட்ட போடு.”

அந்தச் சின்னக் கவரில் பி காம்ப்ளெக்ஸ் இருக்கும். வாரம் ஒன்று போடுகிற வைட்டமின் டி இருக்கும். சப்பிச் சாப்பிடுகிற வைட்டமின் சி, கால்சியம், சில கடைகளில் மீனெண்ணெய் போலப் பளபளக்கும் வைட்டமின் ஈ குமிழ்களும் சேரும். அக்காவின் தோளுக்குள் இவையெல்லாம் போய் என்ன செய்கின்றன? கடைக்காரத் தம்பி கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தோள்.

குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஊர். கைத்தறிக் கைலிக்குப் பேர்போனது. தோள் மூட்டின் கதையைச் சொல்ல அந்தக் கைலியே போதும். தொளதொளவென்று கட்டிய கைலியோடு வரப்பைத் தாண்டலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். அதே துணியை உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டால் ஒரு படிகூட ஏற முடியாது. காலில் ஒரு குறையும் இருக்காது, துணிதான் விடாது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையும் தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியும் சேரும் இடத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அக்குள் பக்கம் அது மடிப்பு விழுந்து தொங்கும். கையை உயர்த்தும்போது அந்த மடிப்புதான் விரிந்து இடம் கொடுக்கிறது. உடம்பிலேயே அதிகமாகச் சுழலும் மூட்டாகத் தோள் இருப்பதற்கு அந்தத் தளர்ச்சி ஒரு முக்கியக் காரணம். நல்ல தோளின் உறைக்குள் சுமார் 15 முதல் 30 மில்லி திரவம் பிடிக்கும். ‘உறைந்த தோள்’ எனப்படும் இந்த நோயில் 10 மில்லியைச் செலுத்துவதே பெரும்பாடு. உறை தடித்து, மடிப்பு மறைந்து, எலும்பைச் சுற்றி இறுகிவிடுகிறது.

இதிலிருந்தே நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் கிடைக்கிறது. தோளில் தசைநார் கிழிந்திருந்தால் நோயாளியால் கையைத் தூக்க முடியாது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகும். உறைந்த தோளில் யார் தூக்கினாலும் போகாது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார்கள். முதலில் போய்விடுவது இந்த அசைவுதான். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. “எலும்பு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், அப்படியானால் நரம்புதான், நரம்புக்கு மாத்திரை போட்டால் சரியாகும் என்று முடிவு செய்துகொள்வது இந்த இடத்தில்தான்.

பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் சிமோன் இம்மானுவேல் டூப்ளே இந்த நோயை 1872இல் விவரித்தார். (அதே வருடம்தான் பக்கத்து வடலூரில் வள்ளலார் சத்திய ஞான சபையைத் திறந்தார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.) ‘உறைந்த தோள்’ என்ற பெயரை 1934இல் வைத்தவர் அமெரிக்காவின் எர்னஸ்ட் கோட்மன். இதை வரையறுப்பதும் கடினம், விளக்குவதும் கடினம், குணப்படுத்துவதும் கடினம் என்ற பொருளில் அவர் எழுதிவைத்தார். 1945இல் நெவியாசர் என்ற மருத்துவர் உறையைத் திறந்து பார்த்து, சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று காட்டினார்.

தறியில் நாடாக் கயிற்றை இழுத்து இழுத்துத்தான் தோள் போய்விட்டது என்று நெசவாளர் நம்புவார். முந்திரி உடைத்துத்தான் வந்தது என்று உடைக்கிற பெண் சொல்வார். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு அவருடைய காரணம். ஆனால் மேசை வேலைக்காரர்களுக்கும் இது தாராளமாக வருகிறது. அதிகம் புழங்காத கையில் சற்றுக் கூடுதலாகவே வருகிறது. வேலை மட்டும் காரணம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? உலகம் முழுக்க நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருவதாகச் சொல்கிறார்கள். 40 முதல் 60 வயதுதான் அதன் பருவம். பெண்களுக்குச் சற்று அதிகம்.

உறைக்குள் நடப்பது என்ன என்பது 1990களில்தான் கொஞ்சம் துலங்கியது. பங்கர், அந்தோணி என்ற இரு பிரிட்டன் மருத்துவர்கள் 1995இல் உறைந்த தோளின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது வேறொரு நோயின் திசுவைப் போலவே இருந்தது. உள்ளங்கைத் தோலுக்கடியில் நார்க்கயிறு போல இறுகி விரல்களை மடக்கிவிடும் டூபுய்ட்ரன் நோய்தான் அது. இரண்டிலும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கட்டும் செல்கள் பெருகி, தசையைப் போலச் சுருங்கும் குணத்தையும் பெற்றிருந்தன.

மூன்று வருடம் கழித்து இன்னொரு துப்பு எதிர்பாராத மூலையிலிருந்து வந்தது. மாரிமாஸ்டாட் என்று ஒரு புற்றுநோய் மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். புற்று பரவ வேண்டுமானால் சுற்றிலும் உள்ள கொலாஜனை அரித்து வழி உண்டாக்க வேண்டும். அரிக்கும் நொதிகளை அடக்கிவிட்டால் பரவல் நிற்கும் என்பது கணக்கு. இரைப்பைப் புற்றுக்காக அதை எடுத்துக்கொண்ட 12 பேரில் 6 பேருக்குச் சில மாதங்களிலேயே தோள் உறைந்தது, அல்லது டூபுய்ட்ரனைப் போன்ற இறுக்கம் வந்தது. பக்கவிளைவாக வந்த இந்த விபத்து, ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டுச் செய்யும் சோதனையைவிடத் தெளிவாகப் பேசியது. மூட்டுறையில் கொலாஜன் கட்டப்படுவதும் கரைக்கப்படுவதும் ஓயாமல் நடக்கிறது. கரைக்கும் வேலை நின்றால் தோள் பூட்டிக்கொள்கிறது.

இப்போது மாத்திரைக் கவரைப் பிரிக்கலாம்.

வைட்டமின் சியை எடுத்தால் வேடிக்கையான ஒரு முடிச்சு விழுகிறது. கொலாஜன் இழைகள் முறுக்கேறி உறுதிப்படுவதற்கு அது இன்றியமையாதது. அது இல்லாவிட்டால் ஸ்கர்வி நோய் வந்து, ஆறிப்போன பழைய தழும்புகூடப் பிரிந்துவிடும். ‘மூட்டுக்கு நல்லது’ என்று டப்பாவில் அச்சடிப்பதன் ஆதாரமும் இதுதான். ஆனால் உறைந்த தோளின் தொந்தரவு கொலாஜன் குறைவாக இருப்பதா? வேண்டாத அளவுக்குக் கட்டப்பட்டு நிற்பது. இந்தத் தர்க்கத்தை அப்படியே நீட்டினால் வைட்டமின் சி நோயைக் கூட்ட வேண்டும்! அப்படியும் நடப்பதில்லை. போதுமான அளவு இருந்துவிட்டால் மேற்கொண்டு கொட்டுவதைக் கொண்டு செல் அதிகமாகக் கட்டுவதுமில்லை, குறைவாகக் கட்டுவதுமில்லை. கொலாஜனை முறுக்கேற்றும் நொதிக்கு வேண்டியது ஒரு துளி. மிச்சம் சிறுநீரில் போகும்.

‘வீக்கத்தைத் தணிக்கும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்’ என்று இன்னொரு வாதம் உண்டு. அதற்கு ஆதரவாகக் காட்டப்படுவது மணிக்கட்டு எலும்பு முறிவு பற்றிய ஆய்வு. முறிவுக்குப் பிறகு சிலருக்குக் கை வீங்கி, எரிந்து, விறைத்துப்போகும் கடுமையான வலி நோய் ஒன்று வரும். நெதர்லாந்தில் சோலிங்கர் குழுவினர் 416 பேரைக் கொண்டு செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி எடுத்தவர்களில் 2.4 சதவீதத்தினருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 10.1 சதவீதத்தினருக்கும் அந்த வலி வந்தது. கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. 2014இல் எடின்பரோவில் 336 பேரை வைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. மணிக்கட்டிலேயே முடிவாகாத ஒரு வழக்கின் தீர்ப்பைத் தோளுக்குக் கொண்டுபோவதில் எனக்குச் சம்மதமில்லை.

அதுவும் இந்த வட்டாரத்தில் வைட்டமின் சியைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. குறிஞ்சிப்பாடியிலிருந்து பண்ருட்டி வரை முந்திரித் தோப்புகள். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஈ மொய்க்கும் அந்தப் பழத்தின் 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் பரிந்துரைத்த ஒரு நாள் அளவு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். தொண்டையைக் கரகரக்க வைக்கிற துவர்ப்பு பிடிக்காதவர்களுக்குக் கொய்யா இருக்கவே இருக்கிறது; அதிலும் ஏறக்குறைய அதே அளவு. மாத்திரையில் தினமும் 1,000 மில்லிகிராம் என்று போடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளட்டும். சுவீடனில் ஆண்களை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. நெய்வேலி வெயிலில் வேலை பார்த்து, தண்ணீர் போதாமல் ஏற்கெனவே கல்லுக்குப் பயந்திருப்பவர்களுக்கு இது வேண்டாத வரவு.

வைட்டமின் ஈக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. நார்த்திசு இறுக்கத்தை அது இளக்கும் என்ற நம்பிக்கை 1940களிலிருந்தே டூபுய்ட்ரன் நோயைச் சுற்றி வந்தது, நிலைக்கவில்லை. மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களின் இறுகிப்போன திசுவுக்கு வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரான்சில் பலன் தெரிந்தது என்றார்கள். லண்டனில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது தெரியவில்லை.

வைட்டமின் டியின் வழக்கு இவ்வளவு எளிதல்ல. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னிந்தியாவில் டி குறைபாடு பரவலாக இருப்பதைத் திருப்பதியிலிருந்து சி.வி. ஹரிநாராயண் குழுவினர் தொடர்ந்து ஆய்வுகளில் காட்டினார்கள். ஆகவே தோள் வலிக்காரர் ஒருவரின் ரத்தத்தைப் பரிசோதித்தால் டி குறைவாகத்தான் இருக்கும். தோள் வலி இல்லாத அவருடைய மைத்துனருக்கும் அப்படித்தான் இருக்கும். உறைந்த தோள்காரர்களுக்கு டி குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் கை வலித்தால் ஆள் வெளியே போவது குறையும். வெயில் படுவதும் குறையும். உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு டி குறைவாக இருப்பது வழக்கம். அவர்களுக்கே தோள் உறைவதும் அதிகம். குறைபாட்டால் நோய் வந்ததா, நோயால் குறைபாடா, இரண்டுக்கும் பின்னால் வேறொன்றா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் சொல்லாது.

மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் 25,871 பேர் கலந்துகொண்ட வைட்டல் ஆய்வில் தினம் 2,000 யூனிட் டி கொடுத்துப் பல வருடம் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையவில்லை. முழங்கால் வலி இருந்தவர்களைத் தனியே பார்த்தபோதும் வலி குறையவில்லை. டி கொடுத்தால் சர்க்கரை நோய் வருவது தடைபடுமா என்று 2,423 பேரிடம் கேட்டுப் பார்த்த ஆய்வும், உறுதியாகச் சொல்லத்தக்க பலன் இல்லை என்று 2019இல் முடிந்தது. தோள் உறைவதை டி தடுக்கும் என்று காட்டிய பெரிய சோதனை எதுவும் இல்லை.

அதற்காக உண்மையான குறைபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. கடுமையான டி குறைபாட்டின் வலி வேறு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பிடிக்கும். தொடையும் இடுப்பும் சோரும். தரையிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருக்கும். அதற்கு 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாகச் சுமார் எட்டு வாரம் கொடுத்துவிட்டு அளவைக் குறைப்பது வழக்கம். சிக்கல் என்னவென்றால், எட்டாவது வாரத்தில் யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. பி, சி போல டி சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கும். வருடக்கணக்கில், அதுவும் சிலர் வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் போட்டால், ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் முடியும்.

அந்தச் சிவப்பு மாத்திரை, அதாவது பி காம்ப்ளெக்ஸ், நரம்புக்கு என்று பெயர் வாங்கிவிட்டது. உறைந்த தோளில் நரம்பு எதுவும் நசுங்கவில்லை என்பதால் அதற்கு அங்கே வேலை இல்லை. வேறோர் இடத்தில் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைகிறது. பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. வள்ளலார் வழியில் புலால் மறுத்த குடும்பங்கள் வடலூரைச் சுற்றி ஏராளம். அவர்களில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் இரண்டு பக்கமும் இடி. உள்ளங்கால் எரிச்சல், மதமதப்பு இருந்தால் பி12 அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் போட்டே ஆக வேண்டும். ஆனால் அது காலுக்கான வைத்தியம்.

பி குடும்பத்திலேயே பயோட்டின் என்ற ஒன்றைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் அது மிக அதிக அளவில் இருக்கிறது. சில வகை ரத்தப் பரிசோதனைகளில் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் அது மிதந்துகொண்டிருந்தால் கருவி ஏமாந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து தெரியும். அதாவது தைராய்டு மந்தமாக இருப்பவருக்குக்கூட எல்லாம் சரி என்று தாள் வரலாம். தைராய்டு கோளாறுள்ளவர்களுக்குத் தோள் உறைவது அதிகம் என்பதால், சத்து மாத்திரை இங்கே உண்மையான காரணத்தையே மறைத்துவிடுகிறது. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, எடுத்துவந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் எழுந்து, “எனக்குச் சரியாச்சே, அந்த மாத்திரையிலதானே?” என்று கேட்பார். பொய் சொல்லவில்லை, அவருக்குச் சரியாகித்தான் இருக்கும். 1975இல் ரீவ்ஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் உறைந்த தோள்காரர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து நோயின் நாட்காட்டியை எழுதினார். முதல் இரண்டு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை வலியும் இறுக்கமும் ஏறும். அடுத்த நான்கு முதல் பன்னிரண்டு மாதம் வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும். பிறகு மெல்ல இளகும். சராசரியாக இரண்டரை வருடம். வலி உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் ஆள் கடைக்குப் போகிறார். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். அந்த இறக்கத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ அதற்குப் பேர் போகிறது. முட்டைப் பத்து போட்டவர் பத்தைச் சொல்வார், கோயிலில் மந்திரித்தவர் மந்திரத்தைச் சொல்வார். இதனால்தான் போலி மாத்திரையோடு ஒப்பிடாத எந்த அனுபவமும் இந்த நோயில் சான்றாக நிற்பதில்லை. தானாகவே முழுசாகச் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். நான்கு வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்த ஓர் ஆய்வில் (2008) சுமார் 59 சதவீதம் பேரின் தோள் ஏறக்குறையப் பழையபடி ஆகியிருந்தது; மீதிப் பேருக்கு ஏதோ ஒரு மிச்சம் இருந்தது.

கடைக்காரத் தம்பி கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன்: “சுகர் பாத்தீங்களாக்கா?”

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் உறையும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2023இல் வெளியான தேசிய ஆய்வில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். சென்னையின் டாக்டர் வி. மோகன் நிறுவிய மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. ஆகவே குறிஞ்சிப்பாடியில் தோள் இறுகி வருகிற ஒருவரின் சர்க்கரையைப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. சிலருக்கு, சர்க்கரை இருப்பதே தோளைக் காட்டப் போன இடத்தில்தான் தெரியவருகிறது.

என்ன தொடர்பு? ரத்தத்தில் அதிகமாக நிற்கும் குளுக்கோஸ் கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்து இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. அப்படிப் பிணைந்த கொலாஜனைக் கரைக்கும் நொதிகள் தடுமாறும். மாரிமாஸ்டாட் மருந்து செய்ததைச் சர்க்கரை வேறு வழியில், வருடக்கணக்கில் மெதுவாகச் செய்கிறது என்று கொள்ளலாம். இதைக் காண வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கை கூப்பிக் கும்பிடச் சொல்லுங்கள். நீண்டகாலச் சர்க்கரைக்காரர் சிலருக்கு உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டாது. நடுவில் வெளிச்சம் தெரியும். விரல் மூட்டுகளிலும் அதே பிணைப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தோள் உறைவது குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (ஹெச்.பி.ஏ.1சி) நீண்டகாலம் உயர்ந்தே இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடியதாக ஓர் ஆய்வு காட்டியது. இன்னொன்று அப்படிக் காணவில்லை. கண்ணும் சிறுநீரகமும் அதனால் பிழைக்கும் என்பதில் சந்தேகமில்லை என்பதால், தோளுக்காக மட்டும் பேரம் பேச வேண்டியதில்லை.

பரிசோதனைக்கு அலைச்சல் என்ற சாக்கும் இப்போது குறைந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடமாட முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் அதில் சேர்ந்திருக்கிறது. மாத்திரை வாங்கிக்கொள்பவர்களுக்கு அதிலுள்ள பிசியோதெரபி பற்றித் தெரியாமல் இருப்பது சாதாரணம். கேட்டு வாங்க வேண்டும்.

வந்துவிட்ட தோளுக்கு வலி உச்சத்தில் இருக்கும்போது மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாக வேலை செய்கிறது. அதன் பலன் சில வாரம், சில மாதம் நிற்கும் என்பதற்குப் பல ஆய்வுகளின் தொகுப்பே சான்று. சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட வேண்டும். “ஐயோ, ஸ்டீராய்டா!” என்று ஒரே ஒரு ஊசிக்குப் பதறுகிறவர்கள், கடைக்காரர் கொடுக்கும் வலி மாத்திரையை மூன்று மாதம் தினமும் விழுங்கத் தயங்குவதில்லை. சர்க்கரையால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்கு இரண்டில் எது கேடு என்று யோசித்தால் நான் ஊசியின் பக்கம் நிற்பேன்.

பயிற்சியில் ஒரு தவறு நம் ஊரில் பரவலாக நடக்கிறது. வலிக்க வலிக்க இழுத்தால்தான் விடும் என்று நம்புகிறார்கள். உறைந்த தோளைச் சித்த மருத்துவம் கும்பவாதம் என்று அறிந்திருக்கிறது. வெதுவெதுப்பான எண்ணெய்த் தடவல் தசையை இளக்கிச் சுகம் தரும், அதில் குறையில்லை. ஆனால் நோயின் ஏறுமுகத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு மற்றவர் கையைத் திருகுவது வேறு கதை. நெதர்லாந்தில் 77 பேரைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வில், வலிக்கு உட்பட்டு மெதுவாக அசைத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு வருடத்தில் நல்ல நிலைக்கு வந்தார்கள். தீவிரமாக இழுத்துப் பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதம் பேர்தான் வந்தார்கள். ஆகவே முதல் மாதங்களில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது போதும். இந்தப் பயிற்சிக்கும் கோட்மனின் பெயர்தான். வலி அடங்கிய பிறகு சுவரில் விரலால் ஏறுவது, கம்பைப் பிடித்து முன்கையை வெளியே தள்ளுவது, கிணற்று ராட்டினம் போன்ற உருளையில் கயிற்றைப் போட்டு நல்ல கையால் கெட்ட கையை ஏற்றுவது என்று கூட்டிக்கொண்டு போகலாம். குறிஞ்சிப்பாடிப் பழைய வீடுகள் சிலவற்றில் கிணற்று ராட்டினமும் இன்னும் இருக்கிறது.

எதற்கும் மசியாத தோளுக்கு மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவிப்பது, துளைவழி அறுவையில் உறையை வெட்டி விடுவது என்று வழிகள் உண்டு. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரை மூன்று பிரிவாக்கி, இந்த இரண்டையும் ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியையும் ஒப்பிட்டு 2020இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மூன்றுக்கும் இடையே நோயாளிக்குப் பெரிதாகத் தெரியும் வேறுபாடு இல்லை. நெய்வேலி நகரியத்திலோ கடலூரிலோ யாரேனும் முதல் மாதத்திலேயே அறுவைக்கு நாள் குறித்தால், இந்த ஆய்வைப் பற்றிக் கேட்கலாம்.

தடுப்பு என்று பேசினால் மாத்திரையைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. கையைச் சும்மா விடாமல் இருப்பது. மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால் மாவுக்கட்டு மணிக்கட்டுக்குத்தான். தோளை முதல் வாரமே அசைக்கத் தொடங்கலாம். பக்கவாதம் வந்தவரின் விழுந்த கை, மார்பக அறுவை முடிந்த பெண்ணின் கை, இதய அறுவை செய்தவரின் இடது தோள் ஆகியவை வலிக்கிறதே என்று நெஞ்சோடு அணைத்து வைக்கப்பட்டு, மூன்றாவது மாதம் உறைந்து கிடக்கும். மருத்துவர் தடை சொல்லாதவரை ஒரு நாளைக்குப் பலமுறை அந்தத் தோளைச் சுழற்றிவிட வேண்டும். தூக்க முடியாதவருக்கு வீட்டார் பிடித்துச் செய்ய வேண்டும்.

ஒருமுறை இளகிய தோள் மறுபடி உறைவது அபூர்வம். மற்றத் தோள் அப்படியில்லை. ஐந்து வருடத்துக்குள் நூற்றுக்கு 6 முதல் 17 பேருக்கு அடுத்த தோளும் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். சிவப்பு மாத்திரையை நிறுத்திவிட்ட அக்காவுக்கு ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனைத் தாளும் டி.எஸ்.எச். தாளும் கையில் இருந்தால், அடுத்த தோள் இரவில் ஒருநாள் வெட்டத் தொடங்கும்போது எங்கே, எந்த மாதத்தில் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.